இது எங்க கடையில ஆனதில்லை

சலவைக்கடை வைக்கிறவன் வெளுக்கப் பழகுவதற்கு முன்னால் மறுக்கப் பழக வேண்டும். வாடிக்கையாளர் சட்டையைக் கவுண்டர்மேல் விரித்து, ஒரு இடத்தில் விரலை ஊன்றி, நம்மை முறைக்கிறார் என்றால் அந்த விரலை மட்டும் பார்க்கவே கூடாது. அவர் முகத்தைப் பார்த்து, வருத்தத்தையும் மரியாதையையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து, "இது எங்க கடையில ஆனதில்லையே சார்" என்று சொல்ல வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் சோற்றை எப்படிப் பரப்புகிறோம் என்பதில்தான் தொழிலே இருக்கிறது.

எனக்கு அது ரத்தத்தில் வந்தது. அப்பா துணிக்கடை, அம்மாவைப் பெற்றவர் பாத்திரக்கடை. எங்கள் வீட்டுக் குழந்தைகள் 'அம்மா' என்பதற்கு முன்னால் 'கட்டுப்படியாகாது' என்று சொல்லும். அப்படிப்பட்ட நான் ஒரு நாள் ஒரு தீய்ந்த சட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எங்க கடையில ஆனதுதான், நாங்கதான் சுட்டோம்" என்று கத்தினேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கடையின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் கோர்ட்டில் எல்லோரும் இதைத்தான் குடைந்தார்கள். தெருப் பக்கம் கண்ணாடிக் கதவு, திறந்தால் தலைக்கு மேல் ஒரு மணி அடிக்கும். பிறகு கவுண்டர், அங்கே என் மனைவி. கவுண்டருக்கு மேலே ஒரு கேமரா. அது பார்ப்பது கல்லாவை. கடை வைத்தவனுக்குக் கேமரா வாங்கும்போது வேறு எதைப் பார்க்கத் தோன்றும்? கவுண்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கும் வாசல். அதைத் தாண்டினால் வேலை செய்யும் அறை. ஒரு பக்கம் சலவை இயந்திரங்கள், எதிர்ப் பக்கம் ஜன்னலோரமாகக் கறை எடுக்கும் மேஜை. நேரே பார்த்தால் நீராவி இஸ்திரிப் பெட்டியும் தேய்ப்பு மேஜையும். மேஜைக்கு நேர் பின்னால் பின்கதவு. நீராவி வெளியே போக வேண்டும் என்று அது பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

பிளாஸ்டிக் பட்டையிலிருந்து ஒரு நூல் பிடித்தால் மேஜையும் கதவும் ஒரே நேர்க்கோட்டில் வரும். இடத்தை மிச்சம் பிடிக்க அப்படிப் போட்டவன் நான்தான்.

தேய்ப்பு மேஜையில் நின்றவன் பெயர் எல்லாருக்கும் 'மடிப்பு'. அவன் வைத்த மடிப்பு, போட்டவர் மனம் மாறினாலும் மாறாது. ஒல்லியான ஆள், அதிர்ந்து பேசமாட்டான். கறை மேஜையில் இருந்தவள் அவன் மனைவி. அவளைக் கடையில் எல்லாரும் 'கறையக்கா' என்பார்கள். அக்கா என்று கூப்பிடும் வயது எனக்கு இல்லாததால் நான் தங்கச்சி என்பேன். நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டில் தங்க அவளுக்குப் பேப்பரெல்லாம் சரி. அவனுக்குத்தான் ஒரு விசா புதுப்பிப்பு, ஏதோ ஒரு ஆபீசில் ஏதோ ஒரு மேஜையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

அன்று காலை மணி அடித்தது. இமிக்ரேஷன்காரர்கள் வந்தார்கள். ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அவன் எங்கே என்றார்கள். அந்தப் பெயரில் எங்களிடம் யாரும் இல்லை, இருந்ததும் இல்லை. என் மனைவி அதைத்தான் சொன்னாள். ஒருவன் கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான், பலகை அவள் முழங்கையில் இடித்தது, அவள் அலறினாள். என் மனைவியின் அலறலைப் பற்றி எனக்கு இருபக்கமும் கருத்து உண்டு, ஆனால் அது உண்மையான அலறல்.

மடிப்பு ஒரு நாளும் பெட்டியைத் துணிமேல் குப்புற வைக்கமாட்டான். அன்றைக்கு வைத்தான். வைத்துவிட்டுப் பட்டைகளை விலக்கிக்கொண்டு, "என்னாச்சு அண்ணி?" என்று வந்து நின்றான்.

அவர்கள் அவனைப் பார்த்தார்கள். "நீ யாரு? பேப்பர் எங்க?"

அவன் வாயைத் திறந்தான். அப்போது வாசனை வந்தது. பருத்தி தீயும் வாசனை, எங்கள் தொழிலில் குழந்தை அழுவதுபோல. அதைக் கேட்டால் – வாசனையை நாங்கள் கேட்கத்தான் கேட்போம் – கால் தானாகப் போகும். அவன் திரும்பி ஓடினான்.

"ஓடறான், ஓடறான்! பின்பக்கம்!"

இயந்திரங்களின் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜையருகே அவனைப் பிடித்தார்கள். அதற்குள் அவன் கை பெட்டியை எட்டிவிட்டது. தூக்கி, நிமிர்த்தி, அதன் இடத்தில் வைத்தான். வைத்த பிறகுதான் அந்தக் கையைப் பின்னால் முறுக்கினார்கள். கறையக்கா தன் மேஜையிலிருந்து எழுந்தாள். ஒருவன் குறுக்கே கையை நீட்டினான், ரயில்வே கேட்டுக் கட்டைபோல. யாரும் வாரண்ட் என்ற சொல்லைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பேரம் பேசியே வளர்ந்த வாய் அன்று வாடகைக்குப் போயிருந்தது.

வண்டி போன பிறகு அவள் தெருவிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். இயந்திரங்களின் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் பயந்து பின்கதவு வழியாகப் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் திரும்பி வரவே இல்லை. பெட்டி மட்டும் தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மேஜையில் ஒரு வெள்ளைச் சட்டை கிடந்தது. முதுகில், பெட்டியின் மூக்கு அப்படியே இளம்பழுப்பில் பதிந்திருந்தது. கறையக்கா அதை எடுத்துத் தன் மேஜையில் விரித்தாள். புட்டியைத் திறந்தாள். துணியில் மருந்தை நனைத்து ஒற்றினாள், ஜன்னல் வெயிலில் பிடித்தாள், மறுபடி ஒற்றினாள். நான் தடுக்கவில்லை. கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும் என்று நினைத்தேன். அது பாதி நிஜம். மீதிப் பாதி, சட்டைக்காரர் சாயங்காலம் வருவாரே என்று எனக்குள் இருந்த கடைக்காரன் நினைத்தது.

சட்டைக்காரர் ஒரு வீட்டு புரோக்கர். சாயங்காலம் வந்தார், சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், குற்றம் கண்டுபிடிக்க முயன்று தோற்றார், போனார். பால்கூட அதன் முன்னால் கொஞ்சம் அழுக்காகத்தான் தெரிந்திருக்கும்.

மறுநாள், பிடித்தவர்களை அடைத்து வைக்கும் முகாமிலிருந்து மடிப்பின் போன் வந்தது. கறையக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எப்படி இருக்கீங்க? அடிச்சாங்களா?"

"இல்ல இல்ல. அந்த வெள்ளைச் சட்டை என்னாச்சு?"

"எடுத்துட்டேன். தடமே தெரியல."

"கெட்டிக்காரி" என்றான். குரலில் நிம்மதி. அதற்குள் லைன் போய்விட்டது.

மடிப்பின் கேஸை எடுத்துக்கொண்ட வக்கீலம்மா அடுத்த வாரம் வந்தார். தோளில் ஒரு மூட்டை அளவுக்குப் பை. அதில் எங்கள் மடிப்பு மாதிரி எத்தனையோ பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு மனு. துவைக்கப் போட்ட திரைச்சீலை மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குச் சட்டத்தை விளக்கினார்.

"வாரண்ட் இல்லாம ஒருத்தரைப் பிடிக்கணும்னா, வாரண்ட் வாங்கிட்டு வர்றதுக்குள்ள இவர் தப்பிச்சுப் போயிடுவாருன்னு நம்ப ஒரு காரணம் வேணும். சும்மா பிடிக்க முடியாது."

"பேஷ்" என்றேன். "இவன் எங்க போவான்? நான் சம்பளம் குடுக்கலைன்னாலே எங்கயும் போகமாட்டான்."

"ஓடினார்னு எழுதியிருக்காங்க."

"பெட்டிய எடுக்க ஓடினான்மா!"

"கேமராவுல பாத்தேன். திரும்பறார், ஓடறார், படத்தை விட்டுப் போயிடறார். அதுக்கப்புறம் உங்க கல்லாதான் தெரியுது. நேரா ஓடினா பின்கதவு. கதவு திறந்திருந்துச்சு." அவர் பேனாவை மூடினார். "இதுல தோத்தா முகாம்ல இருந்து நேரா ஊருக்கு விமானம்தான். ஜெயிச்சா வீட்டுக்கு வந்து, இங்கிருந்தே பேப்பர் கேஸை நடத்தலாம். அதனால கேக்கறேன், பெட்டி துணிமேல இருந்துச்சுன்னு காட்ட ஏதாவது இருக்கா? தீஞ்சிருக்குமே? அந்தத் துணி எங்க?"

 என் மனைவி தரையைப் பார்த்தாள். நான் என் மனைவியைப் பார்த்தேன்.

"நான்தாங்க எடுத்தேன்" என்றாள் கறையக்கா.

"எங்க எடுத்து வச்சிருக்கீங்க?"

"இல்லீங்க. தடத்தை எடுத்தேன்."

வக்கீலம்மாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. படித்தவர்கள் சில சமயம் நல்லவர்களாகவும் இருக்கிறார்கள்.

நாங்கள் புரோக்கரைத் தேடினோம். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியூர் போயிருந்தார். வந்தாலும்தான் என்ன? வெள்ளைச் சட்டையைக் காட்டி, இதில் இல்லாத தடத்தைப் பாருங்கள் என்றா சொல்வது?

அதற்குப் பிறகு கடை மாறிவிட்டது. எங்களிடம் துணி தொங்கும் கம்பி ஒன்று மோட்டாரில் சுற்றும். பொத்தானை அழுத்தினால் சட்டைகளும் கோட்டுகளும் வரிசையாகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நம்மைக் கடந்து போகும். முன்பெல்லாம் அது துணி. இப்போது கூட்டம் போவதுபோல இருந்தது. அதில் ஒரு ஓரத்தில், வாங்க வராதவர்களின் துணி சேர்ந்துகொண்டே வந்தது. ஓட்டல் சீருடை ஒன்று. பள்ளிக்கூடத்துப் பாவாடை ஒன்று. வெளுத்து, தேய்த்து, பிளாஸ்டிக் உறை போட்டு, எல்லாம் தயார். யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று போன் செய்து கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. முன்பு இப்படிச் சேர்ந்தால் கொஞ்ச நாளில் விற்றுவிடுவேன். இந்த முறை கம்பியைக் கடக்கும்போது நான் ஒதுங்கி வழிவிட்டேன், ஆள் நிற்கிற மாதிரி.

மணி அடித்தால் எல்லாருக்கும் கை நின்றுவிடும். வருகிறவர் தும்மினாலோ, 'பில் மறந்துட்டேன்' என்றாலோதான் மறுபடி மூச்சு வரும்.

மடிப்பின் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, நானே தேய்த்தேன். என் மடிப்பு நான் பேசும் பேரம்போல, ஒரே சட்டையில் ரெண்டு விதமாக விழுந்தது. மத்தியானம் வெயில் ஜன்னல் வழியாகத் தேய்ப்பு மேஜைக்கு வரும் நேரத்தில் அங்கே நிற்க எனக்குப் பிடிக்காது. பெட்டி ஒரு முறை உஸ்ஸென்று மூச்சு விடும். நான் கை வைக்காதபோதும் விடும். அழுத்தம் ஏறினால் அப்படித்தான், இயந்திரம் விற்றவன் சொல்லியிருக்கிறான். சொல்லியிருக்கிறானே என்று நினைத்துக்கொண்டு வேறு பக்கம் போவேன்.

கறையக்காவுக்குத் தடம் தெரிய ஆரம்பித்தது. மேஜைவிரிப்பை எடுப்பாள், மூலையில் பார்ப்பாள், "அண்ணே, இங்க இருக்கு பாருங்க" என்பாள். எனக்கு ஒன்றும் தெரியாது. தலையணை உறையில், டாக்டர் கோட்டில், ஒரு முறை கடைச் சுவரில். பழுப்பாக, மூக்கு மேலே பார்த்தபடி.

"அதை எடுக்காதீங்கண்ணே. இருக்கட்டும்" என்பாள்.

"இல்லாததை எங்கம்மா எடுக்கறது?"

"அதைத்தான் நான் எடுத்தேன்" என்பாள்.

புட்டியைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். கறையோடு துணி திரும்பிப் போயிற்று. ஒருவர் சண்டைக்கு வந்தார். "இது எங்க கடையில..." என்று நான் ஆரம்பித்தேன்; முடிக்க வாய் வரவில்லை.

அப்போதுதான் புரோக்கர் வந்தார். மணி அடித்தது, கைகள் நின்றன, அவர் தும்மவில்லை. நேராகக் கவுண்டருக்கு வந்து, வெள்ளைச் சட்டையை உதறி விரித்து, முதுகில் விரலை ஊன்றினார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் விரலைப் பார்த்தேன்.

பழுப்பாக, மூக்கு மேலே பார்த்தபடி இருந்தது.

சூடு பட்ட நூல் லேசில் மறக்காது. மருந்தை ஒற்றினால் தடம் மறையும். பிறகு நன்றாக அலசிவிட வேண்டும். அலசாமல் விட்டால், அடுத்த தடவை பெட்டி படும்போது அது எழுந்து வந்துவிடும். கறையக்கா ஒரு துணியையும் அலசாமல் விட்டதில்லை. அன்றைக்கு விட்டிருக்கிறாள். புரோக்கரின் மனைவி ஊரில் வைத்துச் சட்டையைத் தேய்த்திருக்கிறாள். தடம் வந்துவிட்டது.

"இது எங்க கடையில ஆ..." என்று என் மனைவி பழக்கத்தில் தொடங்கினாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். கல்யாணமாகி முதல் தடவை. அதுவே கடைசித் தடவை என்று பிறகு எனக்குத் தெரிவிக்கப்பட்டது.

"ஆமா சார்! எங்க கடையில ஆனதுதான்! நாங்கதான் சுட்டோம்!" சட்டையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

புரோக்கர் ஒரு அடி பின்னால் போனார். சண்டைக்குத் தயாராக வந்த மனிதர், படியில் ஒரு படி குறைந்ததுபோலத் தடுமாறினார். "எதுக்குய்யா இவ்வளவு சந்தோஷப்படறே?"

"சட்டைய எங்கிட்ட குடுத்துடுங்க சார். என்ன விலைன்னாலும் சரி."

சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேரத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

"என்ன விலைன்னாலுமா?" அவர் சட்டையின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தாப்பா, நான் வீடு விக்கிறவன். எதிராளி உடனே சரின்னா அடியில ஏதோ புதையல் இருக்குன்னு அர்த்தம். விடு சட்டைய."

"புதையலெல்லாம் இல்ல சார். எங்க தப்பு, நாங்க ஒத்துக்கறோம்."

"நீ ஒத்துக்கற ஆளா? போன வருஷம் என் கோட்டுல பட்டன உடைச்சிட்டு, நான் பொறந்தப்பவே அது உடைஞ்சிருந்துச்சுன்னு சொன்னவன்தானே நீ?" யோசித்தார். "ஒருவேளை இது எங்க வீட்டுல ஆனதோ என்னமோ. அவதானே தேய்ச்சா."

"ஐயோ, உங்க சம்சாரம் அப்படிப்பட்டவங்க இல்ல சார்!"

"அவளைப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும்?"

ஆளுக்கொரு கையைப் பிடித்து நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் பட்டைகள் விலகின. கறையக்கா வந்தாள். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கவுண்டரில் சட்டையை நீவிவிட்டு, தடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"இவருதாங்க" என்றாள்.

புரோக்கர் அவளைப் பார்த்தார், கையைப் பார்த்தார். என்னிடமிருந்து கதையைக் கேட்டார். கேட்டு முடித்ததும் சட்டையை விட்டுவிட்டார். "கோர்ட்டுக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதே. என் தொழிலுக்கு அது ஒத்துவராது." வாசல்வரை போய்த் திரும்பினார். "அந்தப் பட்டன் மட்டும் நீ உடைச்சதுதான்."

"ஆமா சார்" என்றேன். ஒப்புக்கொள்வது ஒரு தொற்றுநோய். ஒன்று ஆரம்பித்தால் நிற்காது.

கோர்ட் அறை குளிர்ந்து கிடந்தது. நீதிபதிக்கு ஜலதோஷம். ஒரு பக்கச் சுவரில் திரை. அதில் முகாமிலிருந்து மடிப்பு தெரிந்தான். படம் கொஞ்சம் பின்தங்கி வந்தது. நாம் பார்க்கிற மடிப்பு ஒரு மூச்சுக்கு முந்தைய மடிப்பு. அவனுக்குக் கொடுத்திருந்த உடுப்பு கசங்கியிருந்தது. முட்டியின்மேல் துணியை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தான். விசாரணை முழுக்க நீவினான். அது நிமிரவே இல்லை.

அரசு வக்கீல் என்னை எழுப்பினார். என் கடை பில் ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"இதன் பின்பக்கம் அச்சடித்திருப்பதை வாசியுங்கள்."

"துணியில் ஏற்படும் சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல."

"உங்கள் கடையில் துணி கருகியதுண்டா?"

"உண்டுங்க."

"வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொண்டதுண்டா?"

"இல்லீங்க."

"அப்படியானால் பொய் சொல்வது உங்கள் வழக்கம்."

"வியாபாரத்துல மட்டுங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இந்த ஆள் திரும்பி வந்தால் உங்கள் வியாபாரத்துக்கு லாபம்தானே?"

 எந்த விலைக்கும் ஒரு மறுவிலை சொல்லத் தெரிந்த எனக்கு அந்தக் கேள்விக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்தேன்.

அடுத்து கறையக்கா. "உங்கள் கணவரை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் கையோடு நீங்கள் சட்டையை வெளுக்க உட்கார்ந்தீர்களா?"

"ஆமாங்க."

"ஏன்?"

அவள் திரையைப் பார்த்தாள். "அவரு வந்தா முதல்ல அதைத்தான் கேப்பாரு."

"இந்தத் தடம் சட்டைக்காரர் வீட்டில் விழுந்திருக்கலாம் அல்லவா?"

"விழுந்திருக்கலாம்னு நீங்க சொல்லலாங்க. நான் எடுத்ததை நான் எடுத்தேன்."

அரசு வக்கீல் நீதிபதியைப் பார்த்துக் கைகளை விரித்தார். அவர் கணக்கில் பேரம் முடிந்துவிட்டது. வக்கீலம்மா எழுந்தார், ஆனால் நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். சட்டையைக் கேட்டு வாங்கினார். விளக்குக்கு எதிரே பிடித்தார். மூக்கை உறிஞ்சினார். சட்டையை மூக்கருகே கொண்டுபோய், ஜலதோஷம் நினைவுக்கு வந்து, கீழே வைத்தார்.

பிறகு அன்று வந்த அதிகாரிகளில் சாட்சி சொன்ன இளைஞனைக் கூப்பிட்டார். அவன் கால்சட்டையில் இரட்டை மடிப்பு விழுந்திருந்தது. வீட்டில் தானே தேய்த்துக்கொள்கிற பிள்ளை.

"உள்ளே ஏதாவது வாசனை வந்ததா?"

"வந்ததுங்க."

"என்ன வாசனை?"

"ஏதோ தீயற வாசனை."

"அவர் ஓடினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அந்த இளைஞன் தன் வக்கீலைப் பார்த்தான். பிறகு சட்டையைப் பார்த்தான். திரையில் மடிப்பின் கை ஒரு கணம் நின்றது.

"முன்னாடி."

"அந்த மேஜையை அவர் தாண்டினாரா?"

"இல்லீங்க."

"சரி" என்று சொல்லிவிட்டு நீதிபதி தும்மினார். எனக்குப் பழக்கத்தில் மூச்சு வந்தது.

சில நாளில் தீர்ப்பு வந்தது. மனுவில் இருந்தவர்களில், தப்பி ஓடுவார்கள் என்று நம்பக் காரணம் இல்லாமல் பிடித்தவர்களை எல்லாம் விட்டுவிடச் சொல்லியிருந்தது. பேப்பர் கேஸ் தனியாக நடக்கும். மடிப்பு ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து இறங்கினான். கறையக்கா அவன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தாள், உள்ளே இருப்பவனைத் தொடப் பயந்ததுபோல. என் மனைவி அழுதாள். நான் நகைச்சுவையாக ஏதோ சொன்னேன், என்ன என்று நினைவில்லை.

மறுநாளே வேலைக்கு வந்தான். மடிப்பு பழைய மடிப்புதான், கத்திபோல விழுந்தது. வராதவர்கள் துணியைத் தூசி தட்டினான். ஓட்டல் சீருடையை வாங்க ஒருவர் வந்தும்விட்டார். நல்ல காலம் பிறக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் பார்த்தேன். அவன் நடையில் ஒரு அளவு வந்திருந்தது. நீளமான தாழ்வாரத்தில் யாருடைய கண்ணெதிரேயோ நடப்பவன்போல நடந்தான். தண்ணீர் வழிந்தாலும் அதே நடை. போன் அடித்தாலும் அதே நடை. பின்கதவைப் பகலில்கூட மூடி வைத்தான். நீராவி வெளியே போக வழியில்லாமல் அறை மங்கலாகவே இருந்தது. அதற்குள் அவன் ஒரு நிழலாக நின்று தேய்த்தான்.

ஒரு மத்தியானம், ஜன்னல் வெயில் மேஜைக்கு வந்த நேரம், மணி அடித்தது. வந்தவர் திரைச்சீலை துவைக்கப் போட வந்த ஒரு அம்மா. "யாருங்க கடையில?" என்று அவர் குரல் கேட்டது.

நான் இயந்திரங்களின் பக்கம் நின்றேன். மடிப்பு பெட்டியை விட்டுவிட்டுக் கைகளைத் தூக்கினான். உள்ளங்கைகளை வாசல் பக்கமாக விரித்துக் காட்டியபடி நின்றான். பெட்டி துணிமேல் குப்புறக் கிடந்தது.

வாசனை வந்தது.

அவன் மூக்கு விரிந்தது. கழுத்து நரம்பு இழுத்தது. கால் மட்டும் அசையவில்லை.

"டேய், பெட்டி!"

அசையவில்லை. புகை எழுந்தது. அப்புறம் நான் ஓடினேன். இந்த உடம்போடு நான் ஓடிப் பல காலம் ஆகிறது. கூடையில் இடித்து, ஈரத்தில் வழுக்கி, மேஜையைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கினேன். சட்டையில் பழுப்பு இல்லை, கருப்பு. மூக்கு மேலே பார்த்தபடி.

"ஓடாதீங்கண்ணே" என்றான் மடிப்பு, உதடு அசையாமல். கண் வாசலிலேயே இருந்தது. "பாப்பாங்க."

"யாருடா பாப்பாங்க? திரைச்சீலைப் பொம்பளைடா!"

"ஓடாதீங்கண்ணே."

கறையக்கா வந்தாள். சட்டையை எடுத்துப் பார்த்தாள். பழக்கத்தில் புட்டியின் மூடியைத் திறந்தாள், திருப்பி மூடினாள். சட்டையை ஹேங்கரில் மாட்டி, கம்பியில், வராதவர்கள் துணி தொங்கும் ஓரத்தில் கொண்டுபோய்த் தொங்கவிட்டாள்.

அந்த அம்மா போகும்போதும் மணி அடித்தது. எங்கள் கதவு அப்படி. இறங்கியிருந்த அவன் கைகள் மறுபடி மேலே போயின. இந்த முறை பெட்டி என் கையில் இருந்தது. உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. அதைக் கீழே வைக்காமல் நான் அப்படியே நின்றேன்.